நாகஜோதி சேர்த்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, நாகஜோதி தன் கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கினாள். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் அமுக்கினாள். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து வரை எண்ணினாள். உள்ளே காற்றாடி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு, தலையில் வாடின செவ்வந்தியோடு, அந்தக் கறுப்புப் பெட்டி பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உம்மென்று உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் லிங்கசாமிக்கு மார்க்கர் போய்ச் சேர வேண்டும்.

லிங்கசாமி என்பவர் திருப்பூர் நல்லூரில், நாகஜோதி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, இருபது மிஷின் போட்டுக் குழந்தைகளுக்கான பனியன் தைக்கிறவர். பனியன் துணியை மேஜையில் அடுக்கடுக்காக விரித்து, அதன் மேல் நீளமாக ஒரு தாளைப் போட்டு, தாளில் இருக்கிற கோட்டின் மேலேயே வெட்டுவார்கள். முன் பக்கம், பின் பக்கம், கை, கழுத்து என்று எல்லாத் துண்டையும் எப்படி நெருக்கிப் படுக்க வைத்தால் துணி வீணாகாது என்று கணக்குப் பார்த்து வரைந்த அந்தத் தாள்தான் மார்க்கர். லிங்கசாமியிடம் இருக்கிற கட்டிங் மாஸ்டர் அட்டைகளை வைத்துக் கையாலேயே வரைகிற பழைய ஆள். கம்ப்யூட்டரில் போட்டால் துணி மிஞ்சும் என்று இரண்டு மாதமாக அவர் பின்னாலேயே அலைந்து, ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக் கேட்டு, நாகஜோதி இந்த வாய்ப்பை வாங்கியிருந்தாள்.

பூஜைக்கு முன்னாலேயே மார்க்கரை முடித்தும் வைத்திருந்தாள். விதி யாரை விட்டது. துணி சாயப்பட்டறையிலிருந்து வந்தபோது அகலத்தில் இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. புது அகலத்தைக் காலை ஏழு மணிக்கு லிங்கசாமி வாட்ஸ்அப்பில் அனுப்பி, பன்னிரண்டு மணிக்குத் துணி விரிக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். அதற்குள் தாள் வராவிட்டால் மாஸ்டர் எப்போதும் போல் கையால் வரைந்துவிடுவார், நாகஜோதியை அதற்கப்புறம் யாரும் கூப்பிடப் போவதில்லை. துண்டுகளின் படமோ இந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் கிடையாது. பென் டிரைவில் ஒரு காப்பி போட்டு வைக்க வேண்டும் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான்கு மாதம் என்பது அவள் கம்பெனியை விட்டு வந்த கணக்கு. கமுதிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் திருப்பூர் பஸ் ஏறியவள். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குச் சேர்ந்து, தைத்ததில் குறை பார்க்கிற செக்கிங்குக்குப் போய், சாம்பிள் ரூமில் தாள் பிடிக்கிற வேலைக்கு வந்தாள். அங்கே பேட்டர்ன் மாஸ்டர் கம்ப்யூட்டரில் வரைவதைத் தாளைப் பிடித்தபடியே ஆறு வருஷம் பார்த்தாள். அவர் ஒரு தடவை மஞ்சள் காமாலையில் படுத்துவிட, இவள் உட்கார்ந்து போட்ட மார்க்கரில் முப்பது மீட்டர் துணி மிஞ்சியது. எல்லோரும் பாராட்டினார்கள். மாஸ்டர் திரும்பி வந்ததும் அவள் கையில் மறுபடி தாளைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை. கடைசியில் ஒரு நாள், நானே வீட்டில் போடுகிறேன் என்று வந்துவிட்டாள். திரும்பி வருவதென்றால் வா, ஆனால் செக்கிங்கில்தான் இடம் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கம்ப்யூட்டரையும் அவளேதான் சேர்த்தாள். பெட்டி, மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் கிடைத்தது. மதர்போர்டு கோயமுத்தூரில் பழைய சாமான் கடையில் வாங்கியது. கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதுசு, அதைப் புருஷன் ராஜபாண்டி வாங்கிவந்தான். செல்போனில் வீடியோ பார்த்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பூட்டினாள். முதல் தடவையே ஓடியது. அதைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும், யார் சேர்த்துக் கொடுத்தது என்றுதான் கேட்டார்கள். நான்தான் என்றால், சிரித்துக்கொண்டே ராஜபாண்டியைப் பார்ப்பார்கள். ராஜபாண்டி ஓவர்லாக் டெய்லர். அவனுக்குக் கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

இப்போது அது ஓடவில்லை. சேர்த்தது சரியில்லை என்று ஊர் சொல்வது அவளுக்குக் காதிலேயே கேட்டது.

கோபம் முதலில் கிடைத்த ஆள் மேல் இறங்கியது. பூஜைக்கு முந்தின நாள் கம்பெனிகளில் மிஷினுக்கெல்லாம் ஏர் அடித்துப் பஞ்சு போக்குவார்கள். அதோடு சேர்த்து நம்ம கம்ப்யூட்டருக்கும் அடித்துக்கொண்டு வாருங்கள் என்று ராஜபாண்டியின் பைக்கில் பெட்டியை ஏற்றிவிட்டது அவள்தான். அது அவளுக்கு இந்த நிமிஷத்தில் நினைவில் இல்லை. கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும் என்பது மட்டும் நன்றாக நினைவில் இருந்தது.

ராஜபாண்டி சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க ஏர் அடிச்சதுலதான் இது போச்சு. இத்தன நாளும் ஓடுனது இன்னிக்கு எப்படிப் போகும்? நீங்க தொட்டு எதுதான் உருப்பட்டுச்சு?" என்றாள்.

அவன் பட்டனைப் போட்டு முடித்தான். அடித்துவிட்டுத் துணியால் துடைத்துத்தான் கொண்டுவந்தேன் என்று மெதுவாகச் சொன்னான். அதற்கும் ஒரு பாட்டு விழுந்தது. எஸ்.எம்.பி.எஸ். வாங்கியதில் ஏமாந்தது, அக்கா வீட்டுக்கு அவிநாசிக்கு அழைத்துப்போய் நேற்றைய நாளைக் கெடுத்தது, விஜயதசமியன்று பேருக்காவது ஆன் பண்ண விடாதது என்று அவள் வரிசையாக அடுக்கினாள். அவன் லிங்கசாமிக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். பன்னிரண்டு என்றாள். பைக் கிளம்பிப் போய்விட்டது.

சரி, கத்தியதில் நேரம் போனதுதான் மிச்சம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் இருக்கிற சுவிட்சில் டெஸ்டரை வைத்தாள், எரிந்தது. யூ.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு. மானிட்டரின் ஒயரைக் கழற்றிப் பெட்டிக்கு மாட்டினாள், பெட்டியின் ஒயரை மானிட்டருக்கு மாட்டினாள். மானிட்டர் எரிந்தது, பெட்டி எரியவில்லை. பின்னால் இருக்கிற சின்ன சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. அதைப் பத்து தரம் ஆஃப் செய்து ஆன் செய்தாள். ஒவ்வொரு தரமும் முன்பக்கத்துப் பட்டனை முன்னைவிட ஓங்கி அமுக்கினாள். பிளாஸ்டிக் முகப்பே உள்வாங்கி வெளியே வந்தது.

ஒன்பதரைக்கு லிங்கசாமியிடமிருந்து போன். மார்க்கர் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஆனால் நாகஜோதியின் வாய், அவளைக் கேட்காமலேயே, "இங்க கரண்ட் இல்லைங்க" என்றது.

லிங்கசாமி கம்பெனிக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். அவர் பின்னால் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடுவது போனிலேயே கேட்டது. நாகஜோதிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. லிங்கசாமி, "அப்படீங்களா. சரிங்க, வந்ததும் போடுங்க" என்று வைத்துவிட்டார். அவர் ஏன் மேற்கொண்டு கேட்கவில்லை என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

பழைய கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருகிற ராசப்பனுக்குப் போன் செய்தாள். ராசப்பன் பல் விளக்கிக்கொண்டே கேட்டான். மாடல் என்ன, சத்தம் வருகிறதா, விளக்கு எரிகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. மதர்போர்டு போயிருக்கும், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனால் நாலு நாளில் பார்த்துச் சொல்கிறேன் என்றான். யார் சேர்த்த சிஸ்டம் என்று கேட்டான். நான்தான் என்றாள். அதான் என்றான். ஊரில் எந்தக் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் ராசப்பனுக்கு மதர்போர்டுதான் போகும். போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அதுவும் உடைந்தால் லிங்கசாமிக்கு எதில் அனுப்புவது என்று கட்டில் மேல் வைத்தாள்.

இவ்வளவுக்கும் நடுவில் வீட்டுக்காரம்மா பழனாத்தாள் வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷி. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால்கூட என்ன ஏது என்று விசாரிக்க வருகிற அளவுக்கு நல்ல மனுஷி. பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்தார்களா என்று கேட்டார். உடைத்தோம் என்றாள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்களா என்று கேட்டார். நசுக்கினோம் என்றாள். "அப்பறமும் ஓடலீங்களா கண்ணு? யாரு கண்ணு பட்டுதோ போங்க" என்று சொல்லிவிட்டு, போகாமல் கதவில் சாய்ந்துகொண்டார்.

நாகஜோதி பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே சுத்தமாக இருந்தது. நல்லூரில் எந்த வீட்டில் எதைத் திறந்தாலும் பஞ்சு பறக்கும். இதில் ஒரு இழை இல்லை. ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ எங்கும் இல்லை. ராஜபாண்டி ஒழுங்காகத்தான் ஏர் அடித்திருந்தான். அதைப் பார்த்தும் அவளுக்குக் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. அவன் மேல் பழியைப் போட ஒரு துளித் தண்ணீராவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். வீடியோவில் பார்த்தபடி கரண்டை நிறுத்திவிட்டு, அதிலிருந்து வருகிற பெரிய பிளக்கை மதர்போர்டிலிருந்து பிடுங்கினாள். சாம்பிள் துணி குத்துகிற ஊக்கு ஒன்றை நிமிர்த்தி வளைத்து, பச்சை ஒயர் ஓட்டையிலும் பக்கத்துக் கறுப்பு ஒயர் ஓட்டையிலும் செருகிவிட்டுக் கரண்டைப் போட்டாள். எஸ்.எம்.பி.எஸ். காற்றாடி ஜம்மென்று சுற்றியது. ஆக, புருஷன் ஏமாந்து வாங்கிய சாமானும் நல்ல சாமான்.

மெமரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்து மாட்டினாள். ஓடவில்லை. வேறு பள்ளத்தில் மாட்டினாள். ஓடவில்லை. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கித் திரும்பக் குத்தினாள். எல்லாம் நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சலே. ஒன்று உடைந்திருந்தால் உடைந்தது இது என்று தெரியும், கடைக்கு ஓடலாம். எல்லாமே சரியாக இருந்துகொண்டு ஒன்றுமே நடக்காமல் இருந்தால் மனுஷி யாரைப் போய்க் கேட்பாள். மணி பத்தேமுக்கால். வியர்வை கண்ணில் இறங்கியது. பழனாத்தாள் இன்னும் போகவில்லை.

கடைசியாக, மதர்போர்டையே வெளியே எடுத்தாள். ஒன்பது ஸ்க்ரூ. ஏற்றுமதிக்குத் துணி வைக்கிற அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அதைப் படுக்க வைத்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மானிட்டரையும் மாட்டினாள். வெளியே பட்டன் கிடையாது அல்லவா, அதனால் பட்டனின் ஒயர் வந்து செருகுகிற இரண்டு சின்னக் கம்பிகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டாள்.

காற்றாடி சுற்றியது. மானிட்டரில் எழுத்து வந்தது.

அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. பழனாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டார். மதர்போர்டு போகவில்லை. ராசப்பன் வாயில் மண். எங்கோ ஏதோ லூஸாக இருந்திருக்கும், சரியாகிவிட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் நிறுத்தி, போர்டைப் பெட்டிக்குள் வைத்து ஒன்பது ஸ்க்ரூவையும் முடுக்கினாள். ஒயர்களை மாட்டினாள், தகட்டை மூடினாள். சாமியைக் கும்பிட்டுப் பட்டனை அமுக்கினாள்.

ஓடவில்லை.

இந்த இடத்தில் நாகஜோதி பேசியவற்றை எழுத முடியாது. பெட்டியை, பெட்டி விற்றவனை, கமுதியிலிருந்து பஸ் ஏறிய நாளை, தான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்ட புத்தியை எல்லாம் கமுதித் தமிழில் வைதாள். பழனாத்தாளுக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதி போதும் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். வெளியே வைத்தால் ஓடுகிறது, உள்ளே வைத்தால் ஓடவில்லை. பெட்டியின் தகரம் எங்காவது போர்டைத் தொடுகிறதோ என்று மறுபடி திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். எதுவும் எதையும் தொடவில்லை. மணி பதினொன்றே கால். சூப்பர்வைசரின் முகம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை போய் நின்றால் செக்கிங் மேஜையில் எந்த மூலை கிடைக்கும் என்றுகூட மனசு கணக்குப் போட ஆரம்பித்தது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் தாள் பிடித்த ஆறு வருஷம் அவளுக்கு உதவியது. ஒரு சாம்பிள் அளவு தப்பாக வந்தால் முந்தைய சாம்பிளுக்கும் இதற்கும் எது மாறியது என்று பார், மாறாததைத் தோண்டாதே என்று பேட்டர்ன் மாஸ்டர், டெய்லர்களைத் திட்டுவார். வெளியே வைத்தபோதும் இதே போர்டு, இதே மெமரி, இதே எஸ்.எம்.பி.எஸ். உள்ளே வைத்ததும் என்ன மாறியது? பெட்டி மாறியது. அப்புறம், வெளியே ஸ்க்ரூ டிரைவரால் தொட்டாள், உள்ளே பட்டனை அமுக்கினாள்.

போர்டு பெட்டிக்குள் இருக்கும்போதே பட்டன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு கம்பிகளை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டாள். ஓடியது.

பிறகு குனிந்து, காலையிலிருந்து அவள் நூறு தரம் குத்திய அந்தப் பட்டனை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தாள். வட்டப் பட்டனைச் சுற்றி இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி இல்லை. சந்தனம் வழிந்து உள்ளே போய், இரண்டு நாளில் காய்ந்து, சிமென்ட் பூசினாற்போல் இறுகியிருந்தது. இத்தனை நேரம் அமுங்கியது பிளாஸ்டிக் முகப்பு. பட்டன் அசையவே இல்லை.

கம்பெனியில் எந்த மிஷினுக்குப் பொட்டு வைத்தாலும் சுவிட்ச் பெட்டி மேல்தான் வைப்பார்கள். கையெழுத்துப் போடுவது மாதிரி அது எல்லோருக்கும் பழகிப்போன இடம். புதன்கிழமை சாயங்காலம் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் அள்ளி, இதற்குத்தான் நிறைய வைக்க வேண்டும் என்று அந்தப் பட்டன் மேல் அப்பியது வேறு யாருமில்லை. ராஜபாண்டி பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். போதும், வழிகிறது என்றான். பூஜை நேரத்தில் குறை சொல்லாதீர்கள் என்று அதற்கும் அவனைத்தான் அதட்டினாள்.

வெட்கமாக இருந்தது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அதற்குக்கூட நேரமில்லை. பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு மார்க்கரில் உட்கார்ந்தாள். இரண்டு இஞ்ச் குறைந்தால் எல்லாத் துண்டும் இடம் பெயரும். பெரிய சைஸ் முதுகைக் குறுக்கே நகர்த்தி, அதன் கழுத்துப் பள்ளத்துக்குள் சின்ன சைஸ் கையைக் கவிழ்த்து, மிச்சத்தில் கழுத்துப் பட்டைகளைச் செருகினாள். கோபம் இருக்கிற நாளில் கை வேகமாகத்தான் ஓடுகிறது. பதினொன்று ஐம்பதுக்கு ஃபைலைப் பக்கத்துத் தெருவில் தாள் அச்சடிக்கிற கடைக்கு அனுப்பினாள். கடைக்காரரே அதைச் சுருட்டி லிங்கசாமியிடம் சேர்த்துவிட்டதாகப் பன்னிரண்டு பத்துக்குச் செய்தி வந்தது. அவள் தண்ணீர் குடித்தாள்.

பன்னிரண்டரைக்கு லிங்கசாமி கூப்பிட்டார். மாஸ்டர் தாளைத் துணி மேல் போட்டுப் பார்த்துவிட்டாராம். முதலில் முகத்தைச் சுளித்தவர், பிறகு டேப்பை வைத்து இரண்டு தரம் அளந்தாராம். அவர் வரைந்திருந்தால் பிடித்திருக்கும் நீளத்தைவிட இது ஒரு சாண் குறைவு. அடுத்த வாரம் வருகிற துணிக்கும் அவளே போட்டுக் கொடுக்கட்டும் என்று மாஸ்டரே சொன்னதாக லிங்கசாமி சொன்னார்.

நாகஜோதிக்கு மூச்சு வந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர். "தாமசம் ஆகும்னு எனக்குக் காலையிலயே தெரியுமுங்க. உங்க ஊட்டுக்காரர் வேலைக்குப் போற வழியில வந்து சொல்லிப்போட்டுத்தான் போனாருங்க. ஏர் அடிக்கறேன்னு கம்ப்யூட்டர அவரு கெடுத்துப்போட்டாராமா. உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லீங்கன்னாரு. எப்படியும் நீங்களே சரி பண்ணிப்போடுவீங்க, மத்தியானம் வரைக்கும் மாஸ்டர்கிட்டக் குடுத்துராதீங்கன்னு நின்னு கேட்டாருங்க."

அப்படியானால் கரண்ட் இல்லை என்று அவள் சொன்னபோது இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் சரிங்க என்று வைத்திருக்கிறார். நாகஜோதிக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் காரியம் கைகூடிவிட்டது. அவள் பேர் கெடவில்லை, கெடுத்த பேர் ராஜபாண்டியினுடையது, அதை அவனே விரும்பி வாங்கிக்கொண்டும் விட்டான். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தால் போதும். சேர்க்கத் தெரிந்தவள், புருஷன் கெடுத்ததையும் சரி செய்யத் தெரிந்தவள் என்று லிங்கசாமி நாலு பேரிடம் சொல்லுவார். அந்த நாலு பேர் அவளுக்கு வேண்டும்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அவரு கெடுக்கலைங்க" என்றாள். "பூஜைக்குப் பட்டன் மேல நான்தான் சந்தனத்த அப்புனேன். அது காஞ்சு பட்டன் இறுகிப் போச்சு. அதக் கண்டுபிடிக்கவே இவ்வளவு நேரமாச்சு. கரண்டும் போகலைங்க, நான் பொய் சொல்லிட்டேன்."

லிங்கசாமியின் பின்னால் யாரோ துணியைத் தட்டித் தட்டிச் சுருக்கம் எடுக்கிற சத்தம் கேட்டது.

"அப்பறம் எதுக்குங்க அவரு அப்படிச் சொன்னாரு?"

"காலையில நான் அவர அப்படித்தாங்க திட்டி அனுப்புனேன்."